பன்னிரண்டாம் நம்பர் கால்

எங்கள் கடையில் ஒரு ஓவன் இருக்கிறது. அதில் ரொட்டி வேகாது. ஷூ வேகும்.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் வேலை பார்ப்பது டெக்சஸில், இர்விங்குக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ரிங்கில். பெரிய கொட்டகை. உள்ளே தரை முழுக்க ஐஸ். அதன் மேல், அடியில் இரும்புக் கத்தி வைத்த ஷூவைக் கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறார்கள். நம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடுகிற ஹாக்கி இல்லை இது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் தார் இளகும். கதவைத் தள்ளி உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். ஜூன் மாதத்தில் கையில் ஸ்வெட்டரோடு வேலைக்குக் கிளம்புகிறவன் எங்கள் அபார்ட்மென்டில் நான் ஒருவன்தான். கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் முதல் வருஷம் என்னை நிறுத்தி, ஜுரமா என்று கேட்டார். இல்லை, வேலை என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. இங்கே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எல்லாரும் ஆபீஸைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது கால். அதைத்தான் எழுதுகிறேன்.

ரிங்க்குக்கு உள்ளேயே ஸ்கேட் விற்கிற கடை உண்டு. வருகிறவர் காலை நான் அளப்பேன். ஸ்கேட் என்பது செருப்பு மாதிரி இல்லை. நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த குதிகால் அசையக் கூடாது. புதுசு மரக்கட்டை போல விறைப்பாக இருக்கும். ஓவனில் சில நிமிஷம் வைத்தால் வெளி ஓடும் உள்ளே இருக்கிற நுரைப் பஞ்சும் இளகும். சூட்டோடு காலில் மாட்டி, நாடாவைக் கட்டி, கால் மணி நேரம் உட்கார வைப்போம். எழுந்து நிற்க விடமாட்டோம். ஆற ஆற ஷூ அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு முழு நாள் அதை யாரும் தொடக் கூடாது. அப்புறமும் கணுக்கால் எலும்போ சுண்டுவிரலோ இடித்தால், அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கி, ஒரு பிடியில் வைத்து நெம்பி உள்ளிருந்து வெளியே தள்ளுவோம். ஒரு சின்னப் புடைப்பு வரும். பஞ்ச் பண்ணுவது என்பார்கள். அந்தப் புடைப்பில்தான் எலும்பு போய் உட்காரும்.

என்னைக் கடைக்கு எடுத்தவர் டேல். கடையைப் பார்த்துக்கொள்கிறவர், மினசோட்டாக்காரர், அறுபது வயதிருக்கும். முதலில் நான் ரிங்கில் ரப்பர் பாய் கழுவுகிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் கடை வாசலில் வைத்திருந்த ஸ்கேட்டின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பழக்கதோஷம். டேல் அதைப் பார்த்துவிட்டார். ஷூ வேலை தெரியுமா என்றார். ஆம்பூர்ப் பக்கம் ஃபேக்டரியில் பதினாறு வருஷம் லாஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவன் நான். லாஸ்ட் என்பது காலின் அச்சு. அதன் மேல் தோலை இழுத்து ஒட்டி ஷூவாக்குவது எங்கள் வேலை. இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது. “யெஸ். மெனி ஷூ” என்றேன். “எத்தனை?” என்றார். ஒரு ஷிஃப்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “எய்ட் ஹண்ட்ரட்” என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வீட்டில் எண்ணூறு ஜோடி ஷூ வைத்திருக்கிற ஆள் ரப்பர் பாய் கழுவுகிறானே என்று நினைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துத்தான் அது அவருக்குப் புரிந்தது. இன்றைக்கும் யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கடையில் எனக்கு ஒரே ஒரு சண்டைதான் வரும். அதுவும் நம் ஆட்களோடுதான். போன மாதம் பக்கத்து ஊர் காப்பெலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எட்டு வயசுப் பெண்ணுக்கு முதல் ஸ்கேட். அளந்து எடுத்து வைத்தேன். அப்பா கையில் வாங்கிப் பார்த்தார்.

“அண்ணா, இதுலயே ரெண்டு சைஸ் பெருசா குடுங்க. வளர்ற கால்.”

“இன்னைக்கு எவ்ளோ கால் இருக்கோ அவ்ளோதான் தருவேன்.”

“ரெண்டு சாக்ஸ் போட்டா அட்ஜஸ்ட் ஆயிடும்ணா.”

“ஆகாது.”

“தமிழ் ஆளுன்னு தெரிஞ்சுதானே உங்ககிட்ட வந்தோம்?”

“அதனாலதான் சொல்றேன். வேணாம்.”

அவர் மனைவி சிரித்துவிட்டார். “வாங்க, வேற கடை பாக்கலாம். இவர் விக்கவே மாட்டார் போல.” பெண் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தது. போய்விட்டார்கள். டேல் என்ன ஆச்சு என்றார். “ஹி வான்ட் பிக்” என்றேன். “எல்லாருக்கும் பெரிசுதான் வேணும்” என்று தோளைக் குலுக்கினார். அவருக்கு அது வியாபாரப் பேச்சு.

நானும் அப்படி வாங்கியவன்தான்.

என் மூத்த மகள் பெயர் மலர். ஏழு வயது, இரண்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். அவள் கால் பன்னிரண்டாம் நம்பர். அளக்காமலே எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஷூவில் பதிமூன்றோடு எண்ணிக்கை நின்று, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பள்ளி திறக்கிற நேரம் பஜாரில் ஒன்றாம் நம்பர் வாங்கினேன். இரண்டு நம்பர் பெரிசு. இரண்டு வருஷம் வரும் என்று கணக்கு. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள். முனையில் காலியாக இருந்த இடத்துக்கு ஃபேக்டரியிலிருந்து ஸ்பான்ஜ் துண்டு கொண்டுவந்து அடைத்தேன். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் காலுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் தோல் இழுத்த கை. அதே கைதான் ஸ்பான்ஜை அமுக்கியது. மலர் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சளக், சளக் என்று குதிகால் தூக்கித் தூக்கி அடித்தது. என் மனைவி செல்வி, “லூசா கீது மாமா” என்றாள். “வளந்துடுவா” என்றேன். மலரிடம், “புது ஷூ. ஒண்ணத் தொலச்சிட்டு வந்த, அப்புறம் கீது உனக்கு” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பைபாஸைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தாண்டிவிட்டாள். தாண்டின பிறகுதான் ஒரு ஷூ நடு ரோட்டில் கழன்று கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். எடுக்கத் திரும்பினாள். லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்.

கழன்ற ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஸ்பான்ஜ் வைத்தது வைத்தபடி இருந்தது. பாலாற்று ஓரம் அவளைப் புதைக்கும்போது காலில் ஒன்றும் போடவில்லை.

மறு வருஷம் கயல் பிறந்தாள். செல்வி என் அத்தை மகள். வேலூரில் நர்சிங் படித்தவள். நான் ஃபேக்டரிக்குப் போக, அவள் ஆஸ்பத்திரிக்குப் போக, வீட்டில் பேச்சு குறைந்தது. ஒரு நாள் அமெரிக்கா போக பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள். அந்த பைபாஸ் இல்லாத ஊர் எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்தேன். சரி என்றேன். கயலுக்கு ஆறு வயதில் வந்து சேர்ந்தோம். வந்து ஏழு வருஷம் ஆகிறது. இங்கே வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஃப்ரீவே. அதை யாரிடம் போய்ச் சொல்வது. அந்த ஒற்றை ஷூ அத்தை வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கொண்டுவரலாம் என்று பெட்டியில் வைத்தேன். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து, ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எடுத்துவிட்டேன்.

ஷூ வரவில்லை. சத்தம் வந்துவிட்டது. ரிங்க்கின் முன்கூடத்தில் பெற்றவர் ஷூவை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பிள்ளை நடக்கும். சளக், சளக். கையில் என்ன வேலை இருந்தாலும் தலை தானாகத் திரும்பும். வாடகை ஸ்கேட்டை லூசாகக் கட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் போய் மண்டி போட்டு, நாடாவை அவிழ்த்து, அடியிலிருந்து கட்டிவிடுவேன். அம்மாக்கள், “ஸோ ஸ்வீட்” என்பார்கள். ஒருத்தி என்னைப் பற்றி மேனேஜருக்கு நல்லதாக எழுதிக்கூடக் கொடுத்தாள். இந்த நாட்டில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் முழுக்க இப்படி வந்ததுதான்.

டேல் வேலைக்கு எடுத்த புதிதில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு பெண் என்றேன். அதற்கு எனக்கு வேறு பதில் கிடையாது. இங்கே ஒருத்திதானே வருகிறாள் என்றார். “ஒன் இன் இந்தியா” என்றேன். அது பொய் இல்லை. அவளும் ஸ்கேட் பண்ணுவாளா என்றார். இல்லை என்றேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே இரண்டு கம்பளிக் குல்லா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வீட்டில் மூன்று பேரும் பிரித்துப் பார்த்தோம். கயல் நீலத்தை எடுத்தாள். சிவப்பைச் செல்வி மடித்துத் தன் வேலைக்குப் போகிற பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் அதில்தான் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. போன வருஷம் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய ஸ்கேட்டுகளை டேல் பிரித்துக்கொண்டிருந்தார். உன் இன்னொரு பெண்ணுக்கு என்ன சைஸ் என்றார். வாயில் வந்துவிட்டது. “ட்வெல்வ்.” ஊர் நம்பரை அமெரிக்க நம்பராக்கி, அதை ஸ்கேட் நம்பராக்கினால், சுற்றி வந்து கிட்டத்தட்ட அதே பன்னிரண்டில்தான் நிற்கும். சின்னப் பிள்ளை சைஸ் அது. “குட்டிக் காலா இருக்கே” என்றார். அதிகம் தேயாத ஒரு ஜோடியைத் தேடி எடுத்து, டேப் ஒட்டி, என் பெயரையும் ‘இந்தியா’ என்றும் எழுதிப் பின் அலமாரியில் வைத்தார். அவள் வரும்போது தயாராக இருக்கட்டும் என்றார். தேங்க்ஸ் என்றேன்.

இப்போது கயலைப் பற்றி. அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி லீவில் என்னோடு ரிங்க்குக்கு வந்து, வாடகை ஸ்கேட்டில் தொடங்கினவள். அவளுக்கு ஹாக்கி என்றால் உயிர். வெளியூர் போய் ஆடுகிற பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், ட்ரையவுட்டுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வந்து சொன்னாள். போன வருஷம் அதே டீமில் அவளை எடுக்கவில்லை. இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. பழைய ஸ்கேட் சிறுத்துவிட்டது. புதுசு எடுத்து, பழக்கி, அதில் ஓட வேண்டும். மூன்று வாரம் அதற்குச் சரியாக இருக்கும்.

டேல் லீவில் இருந்த நாளில் அளந்தேன். அளவு என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். நீளத்தைச் சரியாகவே எடுத்தேன். அகலத்தில் ஒன்று குறைத்தேன். தெரிந்தேதான் குறைத்தேன். ஓவனில் வைத்து எடுத்து, என் முழுப் பலத்தையும் போட்டு நாடாவை இழுத்தேன்.

“டைட்டா கீதா?”

“ம்.”

“எங்கயும் லூசு இல்லியே?”

“இல்லப்பா.”

குதிகாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை ஆட்டினேன். அசையவில்லை. ரொம்ப வருஷமாக நெஞ்சுக்குள் எதுவோ லூசாக ஆடிக்கொண்டிருந்தது, அன்று அது நின்றது. நான் சிரித்தேன் என்று பிறகு கயல் சொன்னாள். எனக்கு நினைவில்லை.

புது ஸ்கேட்டை ஒரே நாளில் பழக்க முடியாது. வீட்டில் கத்திக்கு உறை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் டிவி முன்னால் உட்கார வேண்டும். பிறகு ஐஸில் கொஞ்சம் கொஞ்சமாக. தினம் நான்தான் கட்டிவிட்டேன். தினம் குதிகாலை ஆட்டிப் பார்த்தேன். “ஓகேவா?” என்பேன். “ஐ’ம் ஃபைன்” என்பாள். இங்கே பிறக்காவிட்டாலும் இங்கே வளர்ந்த பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடத் தெரியும்.

வீட்டில் அவள் சாக்ஸ் கழற்றாமல் இருந்தாள். ஜூன் மாதத்து டெக்சஸில். ஷூக்காரன் நான், அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் போனது. ஒரு நாள் மாலை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ட்ரையவுட்டுக்குப் போகவில்லை என்றாள்.

“இன்னாத்துக்கு?” என்றாள் செல்வி.

“சும்மா. ஹாக்கி போர் அடிக்குது.”

“நேத்து வரிக்கும் அடிக்கலியே.”

“இப்ப அடிக்குது. ஹாக்கி விட்டுடறேன். ப்ளீஸ்மா.”

செல்வி எழுந்து போய், தரையில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கயல் இழுத்தாள். செல்வி விடவில்லை. சாக்ஸ் வரவில்லை. கணுக்காலில் ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தாள். கணுக்கால் எலும்பின் மேல் தோல் இல்லை. அதன் மேல் பிளாஸ்திரி, அதன் மேல் இன்னொன்று. சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது. காலின் மேல்பக்கம் நாடா இழுத்த இடம் நீலமாக வீங்கியிருந்தது.

“எத்தினி நாளாடி?”

“டூ வீக்ஸ்.”

“வாய் இல்ல உனக்கு? சொல்றதுக்கு இன்னா?”

கயல் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள். “அப்பா ஹீல் செக் பண்ணுவாரு. அது மூவ் ஆகலன்னா ஸ்மைல் பண்றாரு. அப்பா ஸ்மைல் பண்ணி நான் பாத்ததே இல்லம்மா.”

செல்வி அந்த நகத்தைத் துணியால் ஒற்றினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “பெரியவளுக்கு லூசா வாங்கினீங்க. சின்னவளுக்கு இதுவா மாமா?”

பதினாலு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான். ஸ்டேஷனில் சொல்லவில்லை. பாலாற்றங்கரையில் சொல்லவில்லை. அமெரிக்கா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் வெந்நீரில் உப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் பேசினில் அந்தக் காலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். எரிந்திருக்கும். கயல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் என் தோளைப் பிடித்தாள். கால் வளர்ந்திருந்தது. தினம் தொட்ட கால்தான். நான் அதைப் பார்க்கவே இல்லை. ஷூவைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஸ்கேட்டை டேலிடம் காட்டினேன். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். கயல் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியாததா இது?” என்றார். தெரியும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இடிக்கிற இடங்களில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தார். இரண்டு கணுக்கால், இரண்டு சுண்டுவிரல். நான் பண்ணட்டுமா என்றார். “நோ. மை ஜாப்” என்றேன்.

சூடு காட்டினேன். பிடியில் வைத்தேன். நெம்புகோலில் கை வைத்தேன். கை இறங்கவில்லை. ஃபேக்டரியில் ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு தடவை இறங்கின கை. இடம் விட வேண்டும், மூன்று மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஷூவுக்குள் காலி இடம் என்றால் எனக்குள் ஸ்பான்ஜ்தான் வந்து நிற்கிறது. சூடு ஆறுகிறது என்று டேல் சொன்னார். கயல் நாற்காலியிலிருந்து, “அப்பா” என்றாள். நான் அழுத்தினேன். டக் என்று சின்னதாகச் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருந்த இடம் ஒரு எலும்பு உட்காருகிற அளவுக்கு மட்டும் வெளியே தள்ளியிருந்தது. மற்ற மூன்றையும் பண்ணினேன்.

மறுபடி ஓவனில் வைத்து அவள் காலில் மாட்டினேன். காயத்தின் மேல் மெத்தென்று பேட் வைத்துச் செல்வி கட்டு போட்டிருந்தாள். இந்தத் தடவை நாடாவைக் கையால் மட்டும் இழுத்தேன், உடம்பால் இழுக்கவில்லை.

“பொய் சொல்லக் கூடாது. எங்க இடிக்குது?”

“இங்க கொஞ்சம்.”

“இப்ப?”

“இப்ப இல்ல.”

குதிகாலைப் பிடிக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். குனிந்து, டேலுக்குக் கேட்காமல், “கழண்டு போகாதுப்பா” என்றாள்.

கால் மணி நேரம் உட்கார வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பின் அலமாரியில் டேப் ஒட்டின ஜோடி கண்ணில் பட்டது. டேல் வெளியே கவுன்டரில் இருந்தார்.

“உங்க பேர் போட்டிருக்கு. இந்தியான்னு போட்டிருக்கு. யாருக்கு?”

“அக்காவுக்கு. டேல் எடுத்து வச்சாரு.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“நீங்க பொய் சொன்னீங்களா?”

“ரெண்டு பொண்ணுன்னு சொன்னேன். ஒண்ணு ஊர்ல கீதுன்னு சொன்னேன். இதுல எது பொய்?”

அவள் யோசித்தாள். ஒன்றும் பொய் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். “குட்டியா இருக்கு” என்றாள். பிறகு, “இப்ப இருந்தா ட்வென்டி ஒன். கால் எவ்ளோ இருக்கும்?”

“உன்னவிட அரை நம்பர் கம்மி. அவளுக்கு உங்கம்மா கால்.”

“எப்படித் தெரியும்?”

அவள் நாடாவின் நுனியைச் செருகிவிட்டேன். வருஷா வருஷம் பள்ளி திறக்கிற நேரம் மனசுக்குள் ஒரு தடவை அளந்துவிடுவேன். பதிமூன்று தாண்டி, ஒன்று தாண்டி, இரண்டு, மூன்று என்று வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். அதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.

கால் மணி ஆனது. கழற்றினேன். ஒரு நாள் யாரும் தொடக் கூடாது. வைக்க வேறு இடம் இல்லை. பின் அலமாரியில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினவன் மறுபடி பார்த்தேன். என் இரண்டு பெண்களுடைய ஷூவும் ஒரே பலகையில் இருந்தது அன்றுதான். ஒன்று சூடாக இருந்தது, ஒன்று சில்லென்று இருந்தது. தங்கச்சியுடையது பெரிசு. அக்காவுடையது சின்னது.

கட்டோடு மூன்று நாள், கட்டில்லாமல் இரண்டு நாள் பழகினாள். ட்ரையவுட் அன்று ரிங்க்கைச் சுற்றி இருக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் செல்வியும் நின்றோம். நாடாவை அவளே கட்டிக்கொண்டாள். நான் தொடவில்லை. கயல் பின்பக்கமாக ஓடி, திரும்பி, கத்தியைக் குறுக்கே போட்டு நின்றாள். ஐஸ் தூள் பறந்தது. எனக்குக் கண் அவள் குதிகாலில்தான் இருந்தது. செல்வி என் கையில் ஒன்று தட்டி, “மேல பாருங்க மாமா. மூஞ்சியப் பாருங்க” என்றாள். பார்த்தேன். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. டீமில் எடுத்தார்கள்.

இப்போது வாரம் ஒரு முறை கயல் ஸ்கேட்டின் கத்தி தீட்ட வேண்டும். தீட்டி முடித்ததும் அவள் பள்ளி விட்டு வரும்வரை பின் அலமாரியில் வைப்பேன். பக்கத்து ஜோடியையும் எடுத்து ஒரு தடவை மிஷினில் விடுவேன். இந்தப் பலகைக்கு வந்த பிறகு ஐஸையே தொடாத கத்தி. சும்மா கிடந்தால் துரு பிடிக்கும். போன வாரம் டேல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது வருகிறாள் உன் சின்னப் பெண் என்றார். அந்தக் கால் அளவை வைத்து அவருக்கு அவள்தான் சின்னவள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “ஷி இஸ் நாட் கமிங்” என்றேன்.

“விசா?” என்றார்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேடிப் பார்த்தேன். “நோ விசா” என்றேன்.

அவர் கவர்ன்மென்ட்டை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். என் முதுகில் தட்டினார். வைத்திருக்கலாம், ஒரு நாள் கிடைக்கும் என்றார். அதற்குள் கால் வளர்ந்துவிட்டால் பெரிசாக ஒன்று எடுத்து மாற்றிவிடலாம், கவலைப்படாதே என்றார்.

“நோ” என்றேன். “சேம் சைஸ்.”

அவர் சிரித்துக்கொண்டே கவுன்டருக்குப் போனார். நான் கத்தியைத் துணியால் துடைத்து அந்த ஜோடியைப் பலகையில் வைத்தேன். பீரோவில் இருப்பது ஒன்றாம் நம்பர். அது அவளுக்கு எப்போதும் பெரிசு. இது பன்னிரண்டு. முனையில் ஸ்பான்ஜ் வேண்டாம். அவள் காலுக்குச் சரியான ஒன்று கடைசியில் அமைந்துவிட்டது. ஷூ இங்கே இருக்கிறது. கால் அங்கே இருக்கிறது.